மருமகன் கேட்கும் சாவி

தோட்டத்துக் குடும்பங்களில் பெற்ற மகனிடம் "முடியாது" என்று சொல்லிவிடலாம். அக்கா மகனிடம் சொல்வது லேசில்லை. அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது தாய்மாமன் மடியில். பள்ளிக்கூடப் பை மாமன், தீபாவளிச் சட்டை மாமன், சைக்கிள் மாமன், போன் மாமன். மாமன் என்றால் கேட்டதைக் கொடுப்பவன் என்று ஊரே சொல்லிக்கொடுத்து வளர்ந்த பிள்ளை. இப்போது அவனுக்குப் பதினேழு வயது. கேட்பது என் காரின் சாவியை.

கொடுக்கமாட்டேன் என்றேன். "சும்மா வட்டவளை வரைக்குந்தானே மாமா, போயிட்டு ஒடனே வந்துருவேன்" என்றான். அதற்கும் மாட்டேன் என்றேன். அதிலிருந்து அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இரும்புத் துண்டு பெருசா, எம் புள்ள பெருசா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டாராம்.

நியாயமான கேள்விதான். அது எங்கள் வீட்டோடு நிற்கிற கேள்வியாக இருந்தால் பத்திரிகைக்கு எழுதமாட்டேன். றொசல்லையில் ஹட்டன் வீதியோரமாகக் கராஜ் வைத்திருப்பவன் நான். தீபாவளியும் பொங்கலும் ஏப்ரல் சீசனும் முடிந்த கையோடு என்னிடம் வரும் நசுங்கிய வண்டிகளில் பலவற்றுக்குக் கதை ஒன்றேதான். கொழும்பிலிருந்தோ கட்டாரிலிருந்தோ லீவில் வந்த ஒரு மாமன் அல்லது சித்தப்பா. லைசன்ஸ் இல்லாத ஒரு பையன். "ஒரே ஒரு ரவுண்டு".

கார் எப்படிப்பட்டது

காரைப் பற்றி நான் சொல்லியாகவேண்டும். வாதமே அதில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த ஹொண்டா சிவிக், எஸ்ஐஆர் ரகம், மூன்று கதவு, சிவப்பு. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டியது. என் கைக்கு வந்தபோது என்ஜின் நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கிப் பாகம் பாகமாகச் சேர்த்தேன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலே இருந்த ஐந்து வருடத்தில் ஓடுகிற எந்தப் பழைய காருக்கும் தங்க விலை. கேட்டு வந்தவர்களுக்கு நான் விற்கவில்லை. ஆகவே அக்கா நினைப்பதில் பாதி உண்மை: அந்தக் காரின் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

மீதிப் பாதியை அக்காவுக்கு இன்னும் சரியாக விளக்கவில்லை. அந்த என்ஜின் 1,600 சிசிக்குக் கொஞ்சம் குறைவு. சக்தி 170 குதிரை. எடை ஏறத்தாழ ஒரு தொன். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குக் கீழே சாதாரணக் குடும்பக் கார் மாதிரிதான் போகும், பையன்கள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார்கள். இன்னும் கொஞ்சம் அமுக்கினால், 5,500-ஐத் தாண்டும் இடத்தில் வால்வு திறக்கும் விதமே மாறும். சத்தம் மாறும், இழுவை மாறும், முதுகு சீட்டில் போய் ஒட்டும். அந்த நொடியில் பழகாதவன் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்து எழும்பாது. சந்தோஷத்தில் இன்னும் அமுக்கும்.

அப்புறம் வளைவு வரும். முன்சக்கரம் இழுக்கிற கார் அது. வேகமாக வளைவுக்குள் நுழைந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேரே போகப் பார்க்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நேரே என்றால் எதிர்ப்பக்கப் பாதை. அங்கே ஹட்டனில் இருந்து இறங்கிவரும் பஸ் இருக்கும். என் காரில் ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை. இன்றைய கார்கள் ஓட்டுபவன் செய்யும் பிழையில் கொஞ்சத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். இது திருத்தாது.

எங்கள் ரோட்டு

ஏ7 வீதியில் கினிகத்தேனையைத் தாண்டி ஏறியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் தார் காய்வதே அபூர்வம். தோட்டத்துக் கிளைப் பாதைகளில் இருந்து லொறிச் சக்கரங்கள் கொண்டுவரும் செம்மண், வளைவுக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர், பகல் மூன்று மணிக்கே இறங்கும் பனிமூட்டம். வீதியைக் காபெட் போட்டு அகலமாக்கியது எல்லோருக்கும் நல்லது, வேகத்துக்கும் நல்லதாகிவிட்டது.

ரோட்டுக்கும் லயத்துக்கும் நடுவே எங்கள் பக்கம் வேலி கிடையாது. காம்பராக் கதவைத் திறந்தால் பல இடங்களில் நாலு எட்டில் தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைக்கோட்டை ஒட்டி வரிசையாக நடப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் தலையில் படங்குச் சாக்கோடு வருவார்கள். மழைச் சத்தத்தில் பின்னால் வருகிற வண்டி காதில் விழாது. ஓட்டுபவன் நாற்பதில் வந்து பிரேக் பிடித்தால் வண்டி நிற்க ஒரு தூரம் வேண்டும். அறுபதில் வந்தால் அதைப்போல இரண்டேகால் மடங்கு தூரம் வேண்டும். ஈர ரோட்டில் இரண்டு தூரமும் இன்னும் கூடும்.

பழகிய சாரதிகளையே இந்த மலை விடுவதில்லை. 2023 ஜனவரி 20-ஆம் திகதி நானுஓயா ரதெல்லக் குறுக்குவீதி இறக்கத்தில், சுற்றுலா வந்த கொழும்புப் பாடசாலை மாணவர்களின் பஸ் ஒரு வேனிலும் ஓர் ஆட்டோவிலும் மோதியது. ஏழு பேர் போனார்கள். வேனில் இருந்தவர்கள் எங்கள் ஹட்டன் பக்கத்துக் குடும்பத்தினர். 2025 மே 11-ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லையில் அரசு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டிலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது தொழில்முறைச் சாரதிகள். இதைச் சொன்னால் என் மருமகன், "அப்ப லைசன்ஸ் இருந்தாலும் விழத்தானே செய்யுது மாமா?" என்கிறான். கெட்டிக்காரக் கேள்வி. வருடக்கணக்காக ஓட்டியவனுக்கே ஒரு கணம் போதவில்லை என்றால், அந்தக் கணத்தில் என்ன செய்வது என்றே தெரியாதவனுக்கு எத்தனை கணம் வேண்டும் என்பதுதான் அதற்கு என் பதில்.

"நாங்க எல்லாம் ஓட்டலையா?"

பெரியவர்களிடம் இருந்து வரும் பதில் வேறு. "நாங்க பதினாலு வயசுலயே தோட்டத்து டிராக்டர் ஓட்டினோம்." உண்மை. நானும் கொழுந்து லொறி ஓட்டிய ஆட்களின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்துப் பழகியவன்தான். ஆனால் அந்த டிராக்டர் தோட்டத்துப் பாதையில், ஓடுகிற மனிதனை முந்தாத வேகத்தில் போனது. எதிரே இன்னொரு வண்டி வந்தால் அது அன்றைக்குச் செய்தி. இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையைச் சொல்ல இன்று இருப்பவர்கள் தப்பித்தவர்கள். தப்பாதவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை.

"எம் புள்ள பொறுப்பானவன்" என்பது அக்காவின் வாதம். அதை நான் மறுக்கவே இல்லை. சாராயம் தொடாதவன், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன், ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன். எல்லாம் சரி. குணம் வேறு, பழக்கம் வேறு. நல்ல குணம் உள்ளவனுக்கு வளைவில் எந்தக் கியர் என்று தானாகத் தெரிந்துவிடாது. அதோடு அவன் தனியாக ஓட்டப்போவதில்லை. சாவி கைக்கு வந்த பத்து நிமிடத்தில் கூட்டாளிகள் ஏறிவிடுவார்கள். பின்சீட்டில் ஒருவன் டிக்டொக்குக்கு வீடியோ எடுப்பான்.

இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் வீதிப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதினாறு, பதினேழு வயதில் ஓட்டுபவர்களைப் பற்றியது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்த ஒருவர் உடன் ஏறினால், ஓட்டும் பிள்ளை விபத்தில் இறக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இருவர் ஏறினால் இரண்டு மடங்கு. மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறினால் நான்கு மடங்கு. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. என் கட்சிக்கு அதுதான் உயிர். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வண்டியில் இருந்தால் அந்த அபாயம் 62 சதவீதம் குறைகிறது. பையன் அதே பையன்தான். கூட இருப்பவர் மாறினால் அவன் உயிர் மிஞ்சும் வாய்ப்பு மாறுகிறது.

புனேயில் நடந்தது

ஒரு குடும்பம் மகனுக்கு விலையுயர்ந்த காரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. 2024 மே 19 அதிகாலை, இந்தியாவின் புனே நகரத்தில் கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்புப் பெறுபேற்றைக் கூட்டாளிகளோடு கொண்டாடிவிட்டுப் போர்ஷே டைக்கான் காரை ஓட்டிவந்தான். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியியலாளர்கள் மேல் மோதினான். மத்தியப் பிரதேசத்தில் இருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், இருவரும் இறந்தார்கள். அந்தக் கார் நிரந்தரமாகப் பதிவுகூடச் செய்யப்படவில்லை. கட்டவேண்டியிருந்த கட்டணம் 1,758 இந்திய ரூபாய்.

சிறுவர் நீதிச் சபை அன்றைக்கே பிணை கொடுத்தது. போட்ட நிபந்தனைகளில் ஒன்று, வீதி விபத்துப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதவேண்டும் என்பது. நாடே கொதித்த பிறகு பிணை மாற்றப்பட்டது. அவனைப் பெரியவராகக் கருதி விசாரிக்கவேண்டும் என்ற பொலிஸாரின் கோரிக்கையை 2025 ஜூலையில் சபை நிராகரித்தது.

எல்லோரும் அந்தப் பையனைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தது அவனைச் சுற்றி இருந்த பெரியவர்களை. லைசன்ஸ் இல்லை என்று தெரிந்தும் தகப்பன் காரைக் கொடுத்தார் என்பது பொலிஸாரின் குற்றச்சாட்டு. வீட்டுச் சாரதியை அடைத்துவைத்துப் பழியை ஏற்கச் சொன்னதாகத் தாத்தாவும் கைதானார். பையனின் இரத்த மாதிரிக்குப் பதிலாகத் தாயின் இரத்தத்தைக் கொடுத்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டர்களும் தாயும் கைதானார்கள். ஓர் இரவில் ஆரம்பித்த பாசம் எங்கே போய் நின்றது பாருங்கள். தகப்பன், தாய், தாத்தா என்று மூன்று பேரும் ஒரே விபத்தால் வழக்குக்குள்.

நம் பக்கம் போர்ஷே இல்லை என்று சிரிக்கவேண்டாம். நம் பக்கத்திலும் ஆள் மாற்றும் பேச்சு உண்டு. வண்டி மோதிய இடத்தில் கூட்டம் கூடும்முன், "லைசன்ஸ் உள்ள யாரையாவது கூப்பிடு, அவன்தான் ஓட்டினான்னு சொல்லலாம்" என்ற யோசனை வரும். யோசனை சொல்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். பிள்ளை மேல் உயிராக இருக்கும் ஒரு மாமனாகவே இருப்பார்.

சட்டமும் பேரும்

இலங்கையில் கார் ஓட்ட வயது பதினெட்டு. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும், லைசன்ஸ் இல்லாதவரை ஓட்டவைப்பதும் 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். 2019-இல் வந்த திருத்தத்தோடு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய் ஆயிற்று. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், அக்கா மலையில் பதினெட்டு நாள் வேலைக்கு மேல் பேர் போட்டால்தான் அந்தக் காசு. அது அபராதம் மட்டும். லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டி மோதினால் வண்டிக்கான நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனி தராது. அடிபட்டவருக்கு என்ன சொல்வது? அடிபடுகிறவர் அநேகமாகப் பக்கத்து லயத்து ஆள். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்தியா 2019-இல் தன் சட்டத்தை இன்னும் இறுக்கியது. பராயமடையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், வாகனத்தின் சொந்தக்காரர் அல்லது பாதுகாவலருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 இந்திய ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதத்துக்கு வாகனப் பதிவு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசன்ஸ் கிடையாது. அங்கேயும் சட்டத்தை மீறிப் புனே நடந்தது. ஆனாலும் கொடுத்தவன் பொறுப்பு என்று சட்டம் பெயர் சொல்லிக் கூறுவது நல்லது. இங்கேயும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்பது என் கோரிக்கை. "தெரியாமல் எடுத்துட்டான்" என்ற பொய்க்கு அது கொஞ்சம் தடை போடும்.

மலையகத்துக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. எங்கள் பையன்களில் பலருக்கு லைசன்ஸ் என்பது பொழுதுபோக்கு இல்லை, தொழில். லயத்தை விட்டு வெளியே வர அது ஒரு வழி. கொழும்பில் கடையில் மூட்டை தூக்குவதற்கும் கம்பனி வேன் ஓட்டுவதற்கும் நடுவே இருப்பது அந்த அட்டை. பதினேழு வயதில் ஒரு விபத்து வழக்கில் மாட்டியவன் நீதிமன்றப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருபதைத் தாண்டுவான். பணக்கார வீட்டுப் பிள்ளை அதிலிருந்து மீளலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி ஒரு தடவைதான் திறக்கும்.

அக்கா மகளும் இருக்கிறாள்

மருமகனைப் பற்றியே பேசுகிறேன். அவனுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். வயது இருபத்திரண்டு. ஹட்டனில் ஒரு கம்பனியில் வேலை. பயிற்சிப் பள்ளியில் படித்து, முறையாகப் பரீட்சை எழுதி, ஓட்டிக்காட்டி லைசன்ஸ் வாங்கியவள். மகனுக்காக என்னோடு சண்டை போடும் அக்கா, மகளுக்காகச் சாவி கேட்டதே இல்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானாகத்தான் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இரண்டாம் கியரில் இறக்கத்தை எடுத்தாள். ஏறிவரும் லொறிக்கு இடம் விட்டு ஓரத்தில் நிறுத்தினாள். அந்த என்ஜின் 5,500-க்கு மேலே என்ன செய்யும் என்று நான் சொல்லியிருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்க அவள் ஆசைப்படவே இல்லை.

ஆகவே, நான் இளசுகளை நம்பாத ஆள் இல்லை. என் கேள்வி வேறு. லைசன்ஸ் உள்ள மகளுக்குக் கேட்காத சாவியை, லைசன்ஸ் இல்லாத மகனுக்கு ஏன் கேட்கிறோம்? ஓட்டத் தெரியுமா என்பதை நாங்கள் பார்க்கவில்லை. மீசை முளைத்துவிட்டது என்று ஊருக்குக் காட்ட ஒரு கார் தேவைப்படுகிறது. முன்பு வேட்டி கட்டிவிட்டதோடு அந்த ஆசை தீர்ந்தது. இப்போது அது நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகிறது.

வேகத்துக்கு ஓர் இடம்

வேகம் பிடிக்கும் என்பது குற்றமில்லை. எனக்கும் பிடிக்கும். எங்கள் மலைக்கும் பிடிக்கும்: நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934-இல் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் ஆரம்பித்ததை இன்று நம் ஆட்கள் ஓட்டுகிறார்கள். அங்கே வீதியை மூடுவார்கள். எதிரே வண்டி வராது. ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள். தலைக்கவசம், சீட்டோடு கட்டும் பட்டி, கூரைக்குள் இரும்புக் கூண்டு, வளைவுக்கு வளைவு கொடி பிடிக்கும் ஆள். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் அங்கே முழுச் சக்தியையும் அவிழ்த்துவிடுகிறார்கள்.

ஏற்பாடு இருந்தும் தவறும். 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், ஒரு சிறுமியும் அதில். பயிற்சி பெற்ற ஓட்டுநர்களும் அதிகாரிகளும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால், எந்த அதிகாரியும் இல்லாத வட்டவளை வளைவில் என் மருமகன் எதை நம்புவது? வேகத்தின் மேல் ஆசை இருந்தால் நான் அவனை மகாகஸ்தொட்டவுக்குக் கூட்டிப்போகிறேன். கார்களுக்குக் கீழே படுத்து என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். ஓட்டுகிறவர்கள் ஓட்டுவதற்கு முன்பு எவ்வளவு நேரம் சரிபார்க்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

நான் கொடுப்பது

சாவிக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். சும்மா மறுத்தால் பையன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளை எடுப்பான், அது தெரியும்.

நியூசிலாந்து 1987-இல் படிப்படியாக லைசன்ஸ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர், பிறகு கட்டுப்பாட்டோடு, கடைசியில் முழு லைசன்ஸ். நடுக்கட்டத்தில் இரவு பத்து மணியில் இருந்து காலை ஐந்து வரை தனியாக ஓட்டமுடியாது, கூட்டாளிகளை ஏற்றமுடியாது. பல நாடுகள் பின்பற்றின. நம் சட்டம் சொல்வதற்கு மேலே வீடும் ஒரு சட்டம் போடலாம், அதற்குக் கொழும்பில் யாரும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு நான் போட்டது இது.

பதினெட்டு ஆகும் வரை அவன் என் பக்கத்து சீட்டில். கராஜுக்கு வரட்டும். டயர் கழற்றட்டும். சூடேறி மினுங்கிப்போன பிரேக் தட்டு எப்படி இருக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் மிதி ஏன் உள்ளே போகிறது என்று கையில் எடுத்துப் பார்க்கட்டும். ரோட்டில் போகும்போது அவன் ஓட்டுவதாக நினைத்து வாயால் சொல்லட்டும்: அடுத்த வளைவில் என்ன கியர், எங்கே ஹோர்ன், ஓரத்தில் நிற்கும் ஆடு எந்தப் பக்கம் ஓடும். இதில் பிழை விட்டால் யாரும் சாகமாட்டார்கள்.

பதினெட்டு ஆனதும் பழகுநர் அனுமதிப்பத்திரம், முறையான பயிற்சி, பரீட்சை. என் சிவிக்கில் இல்லை, சின்னக் காரில். லைசன்ஸ் கிடைத்த பிறகு சீட் மாறும். அவன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். வெயில் காலத்தில் முதலில், பிறகு மழையில். பகலில் முதலில், பிறகு இரவில். கூட்டாளிகள் ஏறுவது எல்லாவற்றுக்கும் கடைசி. சிவிக்கின் சாவி அதற்கும் பிறகு, நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போகும் அளவுக்கு அவன் ஓட்டும்போது.

இதற்குப் பணம் தேவையில்லை, நேரம் தேவை. எங்கள் வீடுகளில் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து முப்பது நாள் லீவில் வரும் மாமனுக்கு மருமகன் பக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார நேரம் ஏது? நேரம் இல்லாததை ஈடுகட்ட சாவியைக் கொடுக்கிறார். பையன் சந்தோஷப்படுகிறான். அக்கா தம்பியை மெச்சுகிறாள். இப்படிக் கொடுப்பதைப் பாசம் என்று நாங்கள் மெச்சும்வரை, கொடுக்காதவன் கஞ்சன் என்று பேர் வாங்கிக்கொண்டே இருப்பான்.

ஆகவே அக்காமார்களிடம் ஒரு வேண்டுகோள். சாவி தராத தம்பியோடு சண்டை போடவேண்டாம். லைசன்ஸ் கையில் வந்த பிள்ளையைப் பார்த்து "ஓட்டுடா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்ல நேரம் ஒதுக்காத தம்பியோடு சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.